துபாய் பக்கத்துல மில்கி வே (பால்வீதி) போட்டோ எடுக்க இருட்டான பாலைவனம் தேடுறது எப்படி

நெறைய பேர் துபாய் ஓரத்துல இருக்கற அல் குத்ரா பாலைவனத்துக்குப் போய் நிக்கிறாங்க, அங்க துபாய் வெளிச்சமே பாதி வானத்தைத் தின்னுடும், வேஸ்ட்டு. லைட் பொல்யூஷன் மேப்ல போர்ட்டில் அளவு (வானம் எவ்ளோ இருட்டுன்னு சொல்றது, 1ல இருந்து 9 வரை, எண் கொறஞ்சா இருட்டு ஜாஸ்தி) 3 இல்லன்னா அதுக்குக் கீழ இருக்கற எடமா பாருங்க, என் சாய்ஸ் அல் ஐனுக்குத் தெற்கே இருக்கற அல் குவா. ஏன்னா மில்கி வே நடுப்பகுதி தெற்கு வானத்துலதான் வரும், அங்க ஊரு வெளிச்சம் பின்னாடி வடக்கால போயிடுது, முன்னாடி ரூப் அல் காலிங்கற பெரிய பாலைவனத்து மணல்தான்.

அப்புறம் சாட்டிலைட் வியூவ நல்லா ஜூம் பண்ணிப் பாருங்க, ஒட்டகப் பண்ணையில ஒரே ஒரு ஃப்ளட் லைட் எரிஞ்சாலும் ஃப்ரேம் போச்சு, அது லைட் பொல்யூஷன் மேப்ல தெரியவே தெரியாது, அதனால அஸ்தமனத்துக்கு முன்னாடியே போயி மணல்மேட்டுல ஏறி நின்னு சுத்திப் பாத்துருங்க.

ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அமாவாசைய ஒட்டி போங்க. தூசி, ஹியூமிடிட்டி ரெண்டையும் செக் பண்ணிக்கோங்க. ஏசி கார்ல இருந்து கேமராவ டக்குனு வெளிய எடுத்தா லென்ஸ் பூத்துரும், பையோட வெளிய வச்சு கொஞ்ச நேரம் விடுங்க. கேமரால ஷட்டர் 20 செகண்ட், அப்பர்ச்சர் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200ல ஆரம்பிங்க. மணல்ல எறங்குறதா இருந்தா ஃபோர் வீல் டிரைவ், டயர்ல காத்த கொறச்சுக்கணும், தனியா மட்டும் போகாதீங்க, ஆஃப்லைன் மேப்ப முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கோங்க.