செஸ்ல ஜி5-ல குதிரை வந்து நின்னா கருப்புல எப்படி ஆடுறது

ஆன்லைன்ல ரேபிட் (கொஞ்ச நேரத்துல முடியுற வேக செஸ்) ஆடுறவங்க எல்லாரும் இதுல ஒரு தடவையாச்சும் மாட்டிருப்பீங்க. வெள்ளை ஈ4, நாம ஈ5 (காய் பேர் சொல்லாம கட்டத்த மட்டும் சொன்னா சிப்பாய் நகருதுன்னு அர்த்தம்), அவங்க குதிரை எஃப்3, நம்ம குதிரை சி6, அவங்க பிஷப் சி4, நாம அடுத்த குதிரைய எஃப்6-ல வைக்கிறோம், உடனே அவங்க குதிரை ஜி5-க்கு பாயும். குறி எஃப்7 சிப்பாய், அதுக்கு ராஜாவ விட்டா வேற காவலே கிடையாது. அந்தக் காலத்து ஜெர்மன் செஸ் மேதை டாராஷ் இந்த மூவ கத்துக்குட்டி ஆட்டம்னு திட்டினாரு, ஆனா கிராண்ட்மாஸ்டர்களே ஆடுறாங்க, அதனால இளக்காரமா நினைக்காதீங்க.

பதறிப்போய் எச்6 தள்ளி குதிரைய விரட்டப் பாத்தா, அது நேரா எஃப்7-ல விழுந்து ராணி யானை ரெண்டையும் சேத்து புடிச்சிரும். டி5 தான் ஆடணும், பிஷப்போட வழி அடைபட்டுரும். அவங்க சிப்பாயால வெட்டுவாங்க.

இப்பதான் கை தானா எஃப்6 குதிரையால திருப்பி வெட்டப் போகும், வெட்டாதீங்க! அவங்க குதிரை எஃப்7-ல பலியாகும், ராஜாவால வெட்டுவீங்க, ராணி எஃப்3-ல செக், டி5 குதிரைய காப்பாத்தணும்னா ராஜா ஈ6-க்கு வந்தே ஆகணும், நட்ட நடு போர்டுல நிக்கிற ராஜாவ வச்சுக்கிட்டு கம்ப்யூட்டர் வேணா தாக்குப்புடிக்கும், நமக்கு கடிகாரம் ஓடிட்டிருக்கும். ஃப்ரைடு லிவர் அட்டாக்னு சொல்றது இதத்தான், கி.பி. 1600 வாக்குல இத்தாலில ஆடின பொலேரியோங்கிற செஸ் ஆட்டக்காரர் காலத்துலேர்ந்தே ஆள சாய்க்குது.

அதுக்கு பதிலா சி6 குதிரைய ஏ5-க்கு தூக்குங்க. பிஷப் பி5 செக், நீங்க சி6, அவங்க சிப்பாயால வெட்ட, பி சிப்பாயால திருப்பி வெட்டுங்க. பிஷப் ஈ2 போனா எச்6, குதிரை எஃப்3 போனா ஈ4, அது ஈ5-க்கு ஓடும், அப்ப பிஷப்ப டி6-ல வைங்க. கணக்கு பாருங்க, அவங்க குதிரையே நாலு மூவ் தின்னாச்சு, பிஷப் மூணு, மத்த காயெல்லாம் வீட்லயே தூங்குது. ஒரு சிப்பாய் போனதுக்கு வருத்தப்படாதீங்க, சீக்கிரம் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவ்ல நகத்துறது) பண்ணுங்க, ராணிய சி7-ல வச்சா எச்2 பக்கம் குறி கிடைக்கும். ஓரத்துல கெடக்குற ஏ5 குதிரை மட்டும் கொஞ்சம் தலைவலி, நேரம் கிடைக்கும்போது பி7 வழியா உள்ள கொண்டு வாங்க.

இப்பல்லாம் பிஷப்ப ஈ2-க்கு பதிலா டி3-ல வைக்கிறாங்க. அப்ப எஃப்6 குதிரைய டி5-க்கு நகத்துங்க, நம்ம ராணிக்கு வழி திறந்து அவங்க ஜி5 குதிரை மாட்டும், அவங்க ஏதாச்சும் பண்ணியே ஆகணும்.

இவ்ளோ மனப்பாடம் வேணாம்னா மூணாவது மூவ்லயே குதிரைக்கு பதிலா பிஷப்ப சி5-ல வச்சிருங்க. அப்ப எவனாச்சும் ஜி5-க்கு பாய்ஞ்சா ராணியால சும்மா எடுத்துக்கலாம்.