ஒட்டினால் ஒட்டட்டும்: ஆட்டா மாப் பாணில் விடும் பிழைகள்

எதிர்வீட்டுப் பிள்ளை போன கிழமை ஒரு பாணோடு வந்து நின்றாள். "அன்ரி, இது ஏன் இப்பிடி?" அச்சில் பாதிக்கு மேல் எழும்பவேயில்லை. மேசையில் வைத்தபோது 'டொக்' என்றது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னுடைய முதல் ஏழெட்டுப் பாணும் அப்படித்தான். முற்றத்துக் கோழிகூட இரண்டு கொத்துக் கொத்திவிட்டு விலகிப் போனது.

பழைய ஈஸ்ட், கொதிதண்ணீர் பற்றியெல்லாம் பக்கெற்றிலேயே எழுதியிருக்கிறது. அவற்றை விடுவோம்.

ஒட்டுதென்று மா தூவுதல்

"எவ்வளவு மா தூவினனீ?" என்று கேட்டேன். "கொஞ்சம்தான்." நோண்டிக் கேட்டால், அந்தக் கொஞ்சம் ஒன்றரைக் கப்!

ஆட்டா மாவில் தவிடும் சேர்ந்தே அரைபட்டிருக்கிறது. தவிடு தண்ணீரை உடனே குடிக்காது. ஊறி ஊறித்தான் இழுக்கும். கல்லில் அரைக்கும்போது மாச்சத்தும் நொருங்குவதால், வெள்ளைக் கோதுமை மாவைவிட இது தண்ணீர் கூடக் கேட்கும். 500 கிராமுக்கு நான் 380 மில்லிலீற்றர் வரை விடுகிறேன். முதலில் களிபோலக் கையைப் பிடிக்கத்தான் செய்யும். எங்களுடையதோ ரொட்டிக்குக் குழைத்துப் பழகிய கை. ஒட்டாமல் உருண்டு வந்தால்தான் மனம் ஆறும். உடனே ஒரு பிடி மா, பிறகு இன்னொரு பிடி. அரை மணியில் தவிடு தன் பங்கைக் குடித்து முடிக்க, மா இறுகிவிடும். ஈஸ்ட் விடும் வாயுவால் அதை விரிக்க முடியாது.

ஒரு வாய்த் தண்ணீரை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, மீதியை மாவில் விட்டுக் கலந்து, ஈரத்துணியால் மூடி, 30 நிமிடம் தள்ளி நில்லுங்கள். தேத்தண்ணி குடியுங்கள். திரும்பி வந்து தொட்டால் பாதி ஒட்டல் போயிருக்கும். எடுத்து வைத்த தண்ணீரில் ஈஸ்ட்டைக் கரைத்து விட்டு, உப்பும் போட்டு, கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்துக் குழையுங்கள். இதை அந்தப் பிள்ளைக்கு மூன்று தரம் சொல்லிவிட்டேன். தலையாட்டுகிறாள். நான் அங்கால் திரும்பினால் கை மாப் பேணிக்குள்!

அவிச்ச மா

அது பிட்டுக்கு. ஆவியில் இழுவை செத்த மா பாணுக்கு உதவாது.

மணிக்கூட்டை நம்புதல்

கனடாவிலிருந்து தங்கச்சி அனுப்பிய குறிப்பில் 'ஒன்றரை மணித்தியாலம் பொங்க விடவும்' என்றிருந்தது. அவளுடைய குசினி 21 பாகை. இங்கே சித்திரையில் 32, 33. முக்கால் மணியிலேயே மா இருமடங்காகிவிடும். மேலும் விட்டால் கள்ளுப் புளிப்பு ஏறி, ஓவனுக்குள் போனதும் அமுங்கும். விரலால் குத்திப் பாருங்கள்: குழி மெல்ல மேலே வந்தால் சரி, அப்படியே கிடந்தால் பிந்திவிட்டது. வெயில் நாளில் பிரிட்ஜ் தண்ணீரும் பாதி ஈஸ்ட்டும் போதும். அச்சில் போட்ட பிறகு விளிம்புக்கு ஒரு விரல் மேலே வந்ததும் சுடுங்கள்.

தவிட்டை அரித்து எறிதல்

அதற்குக் கடையில் வெள்ளை மா றோஸ் பாணே வாங்கலாம்.