கந்தோர்ல ஒரு முடிவு வந்தா அதுக்குச் சொல்லுற காரணத்தை எப்பிடிப் பாக்கிறது

மேலிடத்தால ஒரு முடிவு வந்த அண்டைக்கே பிளேன்டீ குடிக்கிற இடத்துல பத்துக் காரணம் பிறந்திரும், ஒராள் காசில்லையாம் எண்டுவார், இன்னொராள் கொழும்பு ஓடர் எண்டுவார். எது சரி எண்டு பிடிபடாம மண்டையப் போட்டு உடைக்காம, முதல்ல ஒரு கொப்பியில திகதி போட்டு அண்டைக்குச் சொன்ன காரணத்தை அவங்கட சொல்லுலயே எழுதி வைங்க. போகப்போக அது மாறும்.

நான் மட்டக்களப்புல வேலை செஞ்ச ஒரு இடத்துல வாகரைக் கந்தோரை மூடி டவுணுக்கு எடுத்தாங்க. தை மாசக் கடிதத்துல "வாடகை மிச்சம்" எண்டு இருந்திச்சு. நாங்க ஒவ்வொரு நாளும் டவுணுல இருந்து வாகரைக்கு வேன்ல போய் வந்ததுல டீசல் செலவு வாடகையத் தாண்டிட்டுது, ஆனி மாசக் கூட்ட அறிக்கையப் பாத்தா "மேற்பார்வை இலகு" எண்டு இரிக்கி, வாடகையப் பத்தி ஒரு வரி இல்ல. பொய் சொன்னாங்க எண்டு நான் நினைக்கல்ல, அவங்களே அப்பிடித்தான் நம்பினாங்க. மனிசர் செஞ்சு முடிச்சுட்டுத்தான் ஏன் செஞ்சம் எண்டு விளங்கிக்கொள்ளுறாங்க எண்டு கார்ள் வைக் எண்ட அமெரிக்க ஆய்வாளர் விரிவா எழுதியிரிக்கார்.

ரெண்டு மூணு காரணம் ஒண்டா வந்தா ஒவ்வொண்டையும் பிரிச்சுப் பாருங்க. 2021ல இலங்கையில இரசாயனப் பசளை இறக்குமதியத் தடை செஞ்ச நேரம் உடம்புக்கு நல்லம் எண்டும் சொன்னாங்க, டொலர் மிச்சம் எண்டும் சொன்னாங்க, அம்பாறையில வெள்ளாமை செஞ்ச ஆக்கள் பட்ட பாடு தெரியுந்தானே, நவம்பர்ல தடையையே எடுத்தாங்க. இது ஒரு காரணம் மட்டும் இருந்தா இந்த முடிவை எடுத்திருப்பாங்களா எண்டு கேளுங்க.

பெரியாக்களிட்ட "ஏன் செஞ்சீங்க" எண்டு நேரா கேட்டா வாதாடத்தான் பாப்பாங்க. "சேர், அந்த நேரம் வேற என்ன வழி இருந்திச்சு" எண்டு கேட்டா கதைப்பாங்க.

பிழைச்ச திட்டத்தை மீளாய்வு செய்ய அதைத் தொடங்கின ஆளையே போடாதீங்க. 1976ல பரி ஸ்டோ எண்ட அமெரிக்க ஆய்வாளர் மாணவரைக் கம்பனிக் காசைப் பங்கிட வச்சுச் செஞ்ச பரிசோதனையில, தாங்களே தெரிவு செஞ்ச கம்பனிப் பிரிவு நட்டப்பட்டப்பதான் மாணவர் அதுக்குக் கூடுதலாக் காசு ஒதுக்கினாங்க.

முடிவெடுக்கிற ஆள் நீங்க எண்டா, எது நடந்தா இதை மாத்துவம் எண்டு அண்டைக்கே எழுதிருங்க. "டீசல் வாடகையத் தாண்டினாத் திருப்பித் திறப்பம்" எண்டு தை மாசக் கடிதத்துல ஒரு வரி இருந்திருந்தா, ஒரு கையெழுத்துக்காக வாகரையில இருந்து விடிய பஸ் ஏறி வந்த அம்மாமாருக்கு அந்த அலைச்சல் ஆனியோட முடிஞ்சிருக்கும்.