வீசிங் இருக்குற புள்ளைய கிரவுண்டுல எறக்குறது எப்படி

நம்ம தோட்டத்துப் பக்கம் கிளினிக் கொப்பியில வீசிங்னு, அதான் ஆஸ்துமா இழுப்புன்னு, எழுதிட்டா போதும், அன்னையிலேர்ந்து புள்ளைக்கு ஓட்டம் கட். அம்மாச்சி விடமாட்டாங்க, ஸ்போர்ட்ஸ் மீட் அன்னைக்கு அது ஓரமா உக்காந்து மத்த புள்ளைங்க சப்பாத்துக்கு காவல் இருக்கும். பவுலா ராட்கிளிஃப்னு இங்கிலாந்து மரதன் ஓட்டக்காரி, 14 வயசுல ஆஸ்துமான்னு சொல்லிட்டாங்க, அவங்க 2003ல லண்டன்ல 2 மணி 15 நிமிஷம் 25 செக்கன்ல ஓடுன ரெக்கார்ட் 2019 வரைக்கும் அப்படியே நின்னுச்சு. அது வெள்ளக்காரி கதைன்னு சொல்றவங்களுக்கு, நம்ம கண்டி கிரிக்கெட்காரர் முரளிதரனுக்கு பொறந்ததுலேர்ந்தே முழங்கை முழுசா நிமிராது, அந்தக் கையாலதான் டெஸ்ட்ல 800 விக்கெட்.

முதல்ல நோய் அடங்கியிருக்கான்னு பாருங்க. ராத்திரி இருமி முழிக்குதா, வாரத்துல ரெண்டு தடவைக்கு மேல நீலப் பம்ப் (இழுப்ப ஒடனே அடக்குற இன்ஹேலர்) தேவைப்படுதா, அப்படின்னா ஓட்டம் பொறகு, மொதல்ல டொக்டர். தினமும் அடிக்கச் சொன்ன பம்ப்ப சுகமாயிட்டுன்னு நீங்களா நிப்பாட்டிராதீங்க, "பழகிப்போயிரும்"ங்குறது சும்மா கதை. அடிக்கிற முறைதான் பாதிப் பேருக்கு பிழை: நல்லா குலுக்கி, ஸ்பேசர்ல (பம்ப்புல மாட்டுற பிளாஸ்டிக் குழாய்) மாட்டி, ஒரே ஒரு அடி, அஞ்சாறு மூச்சு மெதுவா இழுக்க விட்டு, அப்புறம் திரும்பக் குலுக்கி அடுத்த அடி. ரெண்டையும் சேத்து அடிச்சா மருந்து ஸ்பேசர் சுவத்துலயே ஒட்டிப்போயிரும்.

அடுத்தது குளிர். வேகமா ஓடுறப்போ வாயால மூச்சு வாங்குறோம், காஞ்ச குளிர் காத்து நேரா உள்ள போயி மூச்சுக்குழாய் காஞ்சு சுருங்குது, இழுப்பு வர்றது அதாலதான். நம்ம கெட்ட நேரம், நுவரெலியாவுல உறைபனி கொட்டுற ஜனவரி பெப்ரவரியிலதான் பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டியும் (ஸ்போர்ட்ஸ் மீட்) வரும். அதனால விடியக்காலை பிராக்டிஸ் வேணாம், வெயில் ஏறுனப்புறம் வைங்க, மப்ளர வாய மூடிக் கட்டி விடுங்க. லயத்து வீட்டுல வெறகு அடுப்புப் பொகையில குளிர் காஞ்சிட்டு நேரா ஓடப் போறதும் கூடாது.

தோட்டத்துல வேலைக்கு ஆள் கூடுற பிரட்டுக் களத்துல பத்து பதினஞ்சு நிமிஷம் நடை, மெதுவா ஓட்டம், நடுவுல சின்னச் சின்ன ஸ்பிரிண்ட், இப்படி ஒடம்ப சூடாக்குனா பொறகு இழுப்பு கொறையும். டொக்டர் சொல்லியிருந்தா ஓட முன்னாடி நீலப் பம்ப்பும் அடிக்கலாம். தொடக்கத்துல மேட்டு ரோட்டுல நடந்தாலே காணும், நடந்துக்கிட்டே ஒரு முழு வசனம் பேச முடிஞ்சா வேகம் சரி, ஒவ்வொரு சொல்லா வந்தா கொறைங்க. 100 மீட்டர், வொலிபோல் மாதிரி விட்டு விட்டு ஆடுறது லேசு, நெடுந்தூர ஓட்டம் மாசக்கணக்குல மெதுவா ஏத்த வேண்டியது.

பம்ப் அடிச்சும் அடங்கல, விலா உள்ள இழுக்குது, உதடு நீலிக்குதுன்னா உக்கார வச்சு பம்ப்ப விடாம குடுத்துக்கிட்டே 1990 ஆம்புலன்ஸுக்கு கோல் அடிங்க, லயத்து வரைக்கும் வண்டி ஏறுமான்னு யோசிச்சா புள்ளைய மெயின் ரோட்டுக்கு எறக்கிக்கிட்டே பேசுங்க.

பீ.டி. சேருக்கு முன்கூட்டியே சொல்லி வைங்க. பம்ப் புள்ளையோட கால்சட்டைப் பொக்கட்டுலயோ சேர் கையிலயோ இருக்கணும், பூட்டுன கிளாஸ்ரூம்ல பேக்குக்குள்ள இல்ல.