விலங்கு மான்ஸ்டர் டிரக் கலரிங் ஷீட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யானை முகம் வைத்த டிரக், முதுகில் துடுப்பு வைத்த சுறா டிரக், கொம்பு வைத்த காளை டிரக். இந்தப் படங்களை பிரின்ட் எடுத்துக் கொடுத்தால் 3 வயதிலிருந்து 6 வயது வரை உள்ள பிள்ளைகள் கேட்காமலே கிரேயான் டப்பாவைத் திறந்துவிடுவார்கள். ப்ளே ஸ்கூல் டீச்சர்கள், வீட்டில் பிரின்டர் வைத்திருக்கும் பெற்றோர், ஷீட் செய்து விற்பவர்கள் என்று இப்போது நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிற ஒவ்வொருவரும் முந்தையவர் சறுக்கிய அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பிரின்டரில் மை தீர்ந்தது, தாளைத் தலைகீழாக வைத்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானாகத் தெரிந்துவிடும். தெரியாமலே நூறு தாள் போய்விடுகிற தவறுகளைப் பற்றித்தான் இது.

## டயரை முழுக் கறுப்பில் நிரப்புவது

செலவில் பெரிய தவறு இது. எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப வந்து நிற்பதும், பார்த்ததும் எரிச்சலூட்டுவதும் இதுதான். நிஜ டயர் கறுப்புதானே என்று பக்கெட் டூலை எடுத்து ஒரே தட்டில் நிரப்பிவிடுகிறார்கள். திரையில் எடுப்பாக இருக்கும். தாளுக்கு வந்ததும் மூன்று விதமாக அடிக்கும்.

முதலில் காசு. ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்து டிரக் வரைந்தால் ஒரு டயர் சுமார் 9 செ.மீ. விட்டம் வரும். நடுவில் உள்ள ரிம்மை விட்டுவிட்டால் ஒரு டயரின் கறுப்புப் பரப்பு கிட்டத்தட்ட 54 சதுர செ.மீ. இரண்டு டயருக்கு 109. ஏ4 தாளின் மொத்தப் பரப்பு 624 சதுர செ.மீ. அதாவது டயர் மட்டுமே பக்கத்தில் 17 சதவீதத்துக்கு மேல் மை குடிக்கிறது. மற்ற கோடுகளையும் சேர்த்தால் 22 சதவீதத்தைத் தொடும். டோனர் (லேசர் பிரின்டரின் மைத்தூள்) டப்பாவில் போட்டிருக்கும் ‘1500 பக்கம்’ என்ற கணக்கு, பக்கத்துக்கு 5 சதவீதம் மை என்ற அடிப்படையில் வருவது. இந்தக் கறுப்பு டயர் ஷீட்டை அடித்தால் அதே டோனர் 350 பக்கத்துக்குள் தீர்ந்துவிடும்.

அடுத்து பிரின்ட். பழைய டிரம் உள்ள லேசர் பிரின்டரில் முழுக் கறுப்பு ஒருபோதும் சீராக வராது. வெள்ளை வெள்ளையாகப் பட்டை விழும். இங்க்ஜெட்டில் வேறு தொல்லை. 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) தாள் அந்த இடத்தில் ஈரமாகி நெளியும். உடனே அடுக்கினால் மேல் தாளின் முதுகில் இரண்டு கறுப்பு வட்டம் ஒட்டிக்கொள்ளும். ஜெராக்ஸ் கடையில் 30 காப்பி கேட்டால் கடைக்காரர் மை அளவைக் குறைத்து வைத்து அடிப்பார். அப்போது டயர் சாம்பலாகும், அதோடு காது, கண், கொம்பின் கோடுகளும் மங்கிப்போகும்.

மூன்றாவதுதான் பெரிய இழப்பு. மான்ஸ்டர் டிரக்கை மான்ஸ்டர் டிரக் ஆக்குவதே டயர்தான். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பக்கம் பாப் சாண்ட்லர் தன் ஃபோர்டு பிக்கப்புக்கு மேலும் மேலும் பெரிய டயராக மாட்டிக்கொண்டே போனதில் பிறந்தது பிக்ஃபுட் என்ற மான்ஸ்டர் டிரக். அந்தப் பெயரில் வந்த ஐந்தாவது வண்டிக்கு 10 அடி உயர டயர். இன்றைய பந்தய வண்டிகளில் டயர் 66 அங்குல உயரம், 43 அங்குல அகலம். மான்ஸ்டர் ஜாம் என்ற பந்தயத் தொடரின் வண்டிகளுக்கு அதைச் செய்து கொடுப்பது பிகேடி என்ற இந்திய நிறுவனம். இப்படி வண்டியின் உயிராக இருக்கும் பாகத்தை நாமே நிரப்பிவிட்டால் பிள்ளைக்கு என்ன மிச்சம்?

பிள்ளைகள் கையைக் கவனித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். 3 வயதில் விரல் கட்டுப்பாடு குறைவு, ஆனால் தோளிலிருந்து கையை வட்டமாகச் சுழற்ற நன்றாக வரும். படத்தில் அந்தச் சுழற்சிக்குப் பொருந்துகிற ஒரே இடம் டயர். கறுப்பு டயர் ஷீட்டைக் கொடுத்தால் என்ன நடக்கிறதென்று பாருங்கள். பழுப்பு கிரேயானை எடுத்து டயர் மேல்தான் முதலில் வைப்பார்கள். டோனர் வழவழப்பாக இருப்பதால் மெழுகு பிடிக்காமல் வழுக்கும். இன்னும் அழுத்துவார்கள். மெழுகு திரித்திரியாகத் திரண்டு நிற்குமே தவிர நிறம் தெரியாது. பச்சையை எடுத்துப் பார்ப்பார்கள், அதுவும் தெரியாது. பிறகு தாளைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்கள். இதைப் பார்த்துவிட்டு ‘பிள்ளைக்குக் கவனம் போதவில்லை’ என்று முடிவு கட்டுகிறார்களே, அதுதான் தாங்க முடியாதது.

சரியான டயர் இப்படி: வெளி வட்டம் 9 செ.மீ. விட்டம், 3 முதல் 4 பாயின்ட் கனக் கோடு. உள்ளே ரிம் வட்டம் 3.4 செ.மீ. நிஜ வண்டியிலும் 66 அங்குல டயருக்கு 25 அங்குல ரிம், அதே விகிதம்தான். வெளி விளிம்பில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு) 12 போதும். அப்போது ஒரு பட்டன் 1.4 செ.மீ. அகலமும், இடைவெளி 9 மி.மீ. அளவும் கிடைக்கும். பார்வைக்கு நிஜமாக இருக்கட்டும் என்று 24 பட்டன் வைத்தால் இடைவெளி 5 மி.மீ. ஆகிவிடும், கிரேயான் உள்ளே போகாது. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது விளிம்பில் பல் பல்லாகத்தான் பட்டன் தெரியும். ஆகவே டயர் முகத்தில் வி வடிவக் கோடுகளைப் போட்டு நிரப்ப வேண்டிய அவசியமே இல்லை.

ஏற்கெனவே கையில் கறுப்பு டயர் படம் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். ஜிம்ப் என்ற இலவசப் பட எடிட்டிங் மென்பொருளில் திறந்து, எலிப்ஸ் செலக்ட் கருவியால் டயரின் வெளி விளிம்பை வட்டமாகத் தேர்ந்தெடுத்து வெள்ளையை நிரப்புங்கள். தேர்வை அப்படியே வைத்துக்கொண்டு ‘ஸ்ட்ரோக் செலக்‌ஷன்’ கொடுத்து 14 பிக்சல் கோடு போடுங்கள். 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) படத்தில் அது 1.2 மி.மீ. கனம். ரிம்முக்கும் இதையே செய்துவிட்டு, விளிம்பில் பட்டன்களை வரைந்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டர் இல்லையென்றால், வெள்ளைத் தாளில் 9 செ.மீ. வட்டம் வெட்டி, மார்க்கரால் ரிம்மும் பட்டனும் வரைந்து, டயர் மேல் ஒட்டி ஒரு ஜெராக்ஸ் எடுங்கள். வெட்டிய விளிம்பு நிழலாக விழும், அதன்மேல் ஒயிட்னர் தடவிவிட்டு இன்னொரு காப்பி எடுத்தால் அதுவே மூலப்பிரதி.

வரிக்குதிரைக் கோடு, பாண்டாவின் கண் பட்டை, கொரில்லாவின் உடம்பு எல்லாவற்றுக்கும் இதே சட்டம். கறுப்பு வேண்டுமென்றால் டப்பாவில் கறுப்பு கிரேயான் இருக்கிறது, பிள்ளை எடுத்துக்கொள்ளட்டும்.

## 8 மில்லிமீட்டருக்கும் குறைந்த கட்டங்கள்

சாதாரண கிரேயான் 8 மி.மீ. கனம். புதுசில் முனை கூர்மையாக இருக்கும், இரண்டு நிமிடத்தில் மழுங்கிவிடும். சின்னப் பிள்ளைகளின் ஜம்போ கிரேயான் 11 மி.மீ. அல்லது அதற்கும் மேல். ஆக, 8 மி.மீ.க்குக் குறைந்த எந்த வெள்ளை இடமும் கலர் செய்ய முடியாத இடம். ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள்.

மான்ஸ்டர் டிரக்கில் இது அதிகம் மாட்டுகிற இடம் வண்டியின் அடிப்பகுதி. டயருக்கும் பாடிக்கும் நடுவில் குழாய்ச் சட்டம், நைட்ரஜன் அடைத்த ஷாக் அப்சார்பர்கள், ஆக்சில் என்று நிஜத்தில் நிறைய உண்டு. வண்டி தெரிந்தவர்களுக்கு அத்தனையையும் வரைய ஆசை வரும். சக்கரத்துக்கு ஒரே ஷாக் அப்சார்பர், அதுவும் 1.5 செ.மீ. அகல உருளையாக இருந்தால் போதும். மற்றதை விட்டுவிடுங்கள்.

எத்தனை கட்டம் என்பதற்கு ஒரு கைக்கணக்கு: 3 வயதுக்கு 6 முதல் 8, 4–5 வயதுக்கு 12 முதல் 20, 6 வயதுக்கு மேல் 30 வரை போகலாம். சிறுத்தைக்கு 40 புள்ளி வைத்தால் இந்தக் கணக்கு அங்கேயே உடைந்துவிடும். பெரிய வளையமாக 7 வையுங்கள். புலிக்கு அகலக் கோடு 5 அல்லது 6. ஒட்டகச்சிவிங்கிக்குப் பெரிய திட்டு 8.

## விலங்கை டிரைவராக உட்கார வைப்பது

டிரக் சாதாரண டிரக்காக இருக்கும், ஜன்னலுக்குள் சிங்கம் எட்டிப் பார்க்கும். ஜன்னல் 3 செ.மீ. உயரம், சிங்க முகம் 2 செ.மீ. அதற்குள் கண், மூக்கு, பிடரி. கலர் அடித்ததும் அது ஒரு மஞ்சள் கறை. சிங்கம் எங்கே என்று பிள்ளையே கேட்கும்.

வண்டியே விலங்காக இருக்க வேண்டும். பானெட் முகம், கிரில் வாய், பம்பர் தாடை, கூரை முதுகு. நிஜப் பந்தய வண்டிகளைப் பாருங்கள். எல் டோரோ லோகோவுக்குக் கூரையில் இரண்டு கொம்பு. மான்ஸ்டர் மட்டுக்கு நாய்க் காதும் தொங்கும் நாக்கும். மெகலோடானுக்குத் துடுப்பும் வாலும் பல்லும். ஸ்டேடியத்தின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிவதற்காகச் செய்தவை அவை. ஒரு விலங்குக்கு இரண்டு அடையாளம், மிஞ்சிப்போனால் மூன்று. உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் பார்த்தாலே பெயர் சொல்ல முடிய வேண்டும்.

கண் விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. ஹெட்லைட்டையும் கண்ணாக வரைகிறார்கள், முன் கண்ணாடியிலும் கண் வரைகிறார்கள். நாலு கண். ஏதாவது ஒரு இடத்தில் வையுங்கள். 4 வயதுக்குக் கீழே என்றால் கண்ணாடியில் வைப்பது நல்லது, இடம் பெரிது.

யானைக்குத் தும்பிக்கையைக் கீழே தொங்கவிட்டால் முன் டயரில் போய் இடிக்கும். நுனி டயர் வட்டத்தை உரசிக்கொண்டு நின்றால் எது தும்பிக்கை, எது டயர் என்று பிள்ளைக்குப் பிரித்துத் தெரியாது, இரண்டையும் ஒரே நிறத்தில் அடித்துவிடும். தும்பிக்கையை மேலே தூக்கி வரையுங்கள். தூக்க முடியாத வால், நாக்கு போன்றவை டயரை முழுசாகக் குறுக்கே கடக்கட்டும், அல்லது 1 செ.மீ. தள்ளி நிற்கட்டும். உரசல் மட்டும் கூடாது.

## தாளை நெட்டுக்குத்தாக வைப்பது

மான்ஸ்டர் டிரக் பக்கவாட்டில் உயரத்தைவிட நீளம் அதிகம். ஏ4 தாளில் சுற்றிலும் 1.2 செ.மீ. விட்டால் நெட்டுக்குத்தில் கிடைக்கும் அகலம் 18.6 செ.மீ., படுக்கைவாட்டில் 27.3. அதே படம் படுக்கைவாட்டில் பரப்பளவில் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகிறது, கட்டங்களும்தான். இதைச் செய்தாலே 8 மி.மீ. பிரச்சினை பாதி தீரும்.

## முக்கால் கோணம்

நாலு டயரும் நீள்வட்டமாகத் தெரிகிற கோணம் பெரியவர்களுக்கு. 5 வயது வரை பக்கவாட்டுப் படம், இரண்டு டயர்.

## பின்னணி

ஒரு மேடு, நசுங்கிய கார் ஒன்று. கூட்டம், கொடி, புகை எதுவும் வேண்டாம்.

## படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்புவது

ஜெராக்ஸ் கடைக்குப் படத்தைப் போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். கோட்டைச் சுற்றிச் சாம்பல் துகள் படியும், ஜெராக்ஸில் அது அழுக்காக வரும். பிடிஎஃப் ஆக்கி, டாக்குமெண்டாக அனுப்புங்கள். மூலப் படம் 3508 × 2480 பிக்சல் இருக்கட்டும், அதுதான் 300 டிபிஐயில் முழு ஏ4. ஜேபெக்கை விட பிஎன்ஜி நல்லது.

ஏஐ கொண்டு வரைந்த படமென்றால் இன்னொரு வேலை உண்டு. கோடு போலத் தெரிந்தாலும் உள்ளே மெல்லிய சாம்பல் நிழல் இருக்கும். ஜிம்ப்பில் ‘த்ரெஷோல்டு’ கொடுத்துக் கறுப்பு, வெள்ளை மட்டும் மிஞ்சும்படி செய்யுங்கள். பிறகு டயர்களை எண்ணுங்கள். மூன்று டயர், ஒன்றுக்கொன்று பொருந்தாத ரிம், பாதியில் நின்றுபோன கோடு மூன்றும் சகஜம். பெரியவர் கண்ணுக்குத் தப்பும், வண்டிப் பைத்தியமான 5 வயதுப் பிள்ளையின் கண்ணுக்குத் தப்பாது.

## தாளும் கலரும் பொருந்தாதது

கிரேயானுக்கு 75 ஜிஎஸ்எம் போதும். ஸ்கெட்ச் பேனா என்றால் 100, இல்லாவிட்டால் பின்னால் ஊறும். வாட்டர் கலருக்கு 200க்குக் குறையக் கூடாது, அதுவும் லேசர் பிரின்ட்டாக இருக்க வேண்டும். இங்க்ஜெட் மை பெரும்பாலும் தண்ணீர் பட்டதும் கரைந்து, மஞ்சள் சிங்கத்தைச் சாம்பலாக்கிவிடும்.

## இரண்டு பக்கமும் அடிப்பது

கூடாது.

## கோரமான பல்

3 வயதுக்குக் கொடுக்கும் சுறாவுக்கு முக்கோணப் பல் 5 போதும், அகலமாக. முறைக்கும் கண்ணும் வழியும் எச்சிலும் சில பிள்ளைகளை உண்மையிலேயே பயமுறுத்தும், தாளைத் தொட மாட்டார்கள்.

## பந்தய வண்டிகளை அப்படியே வரைந்து விற்பது

மேலே சொன்ன எல் டோரோ லோகோ, மான்ஸ்டர் மட், மெகலோடான் என்ற மூன்று பெயர்களும் அந்த வண்டிகளின் உருவமும் மான்ஸ்டர் ஜாம் நடத்தும் ஃபெல்ட் என்டர்டெயின்மென்ட்டுக்கு உரியவை. விற்கிற ஷீட்டில் அவற்றைப் போடாதீர்கள். காளையோ சுறாவோ யாருக்கும் சொந்தமில்லை, உங்கள் கோட்டில் வரையுங்கள். எறும்புத்தின்னி, ஆமை, மயில் டிரக் எல்லாம் இன்னும் அதிகம் பேர் தொடாதவை. ஆமை ஓடு பெரிய கட்டங்களாகப் பிரிவதால் 3 வயதுக்கு அருமையாகப் பொருந்தும்.

## பெயர் எழுத இடம் விடாதது

மேல் இடது மூலையில் 7 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. உயரத்தில் ஒரு பெட்டி. வகுப்பில் 30 பிள்ளைகளும் ஒரே யானை டிரக்கைத்தான் அடித்திருப்பார்கள். பின்பக்கம் பெயர் எழுதினால், சுவரில் ஒட்டிய பிறகு எது யாருடையது என்று தாளைப் பிய்த்துப் பார்க்க வேண்டிவரும்.