சாமி இருப்பதற்கு நோக்கம் வேண்டுமா? பட்டாலையில் ஒன்றரை மணி நேர வகுப்பு நடத்தும் முறை

செட்டிநாட்டில் சாமி காரியத்துக்குக் குறைவே இல்லை. இருபத்தொரு நாள் பிள்ளையார் நோன்பு, தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் கிளம்பும் காவடி, திருவாசக முற்றோதல் என்று ஒன்று முடிய ஒன்று வந்துகொண்டே இருக்கும். இவற்றுக்கு நடுவே வளர்கிற பிள்ளை ஒருநாள் கேட்கும்: "எல்லாத்துக்கும் ஒரு நோக்கம் இருக்குன்னு சொல்றீங்களே, சாமி இருக்கறதுக்கு என்ன நோக்கம் ஐயா?"

"அதெல்லாம் கேட்கப்படாது" என்று அதட்டினால் பிள்ளை அடுத்த கேள்வியை நம்மிடம் கொண்டுவராது. அதட்டவும் தேவையில்லை. நம் நூல்கள் இந்தக் கேள்வியை மழுப்பாமல் எடுத்து, எதிர்க்கேள்விகளையும் தாங்களே எழுப்பி விடை சொல்லியிருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் எடுப்பது, எங்கே வழுக்கும் என்பதற்கே இந்தக் குறிப்பு.

முன்னேற்பாடு

எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் வகுப்பு சொற்பொழிவாகிவிடும்; இந்தப் பொருளைச் சொற்பொழிவாகக் கேட்டால் ஒன்றும் நிற்காது. இடம் வீட்டுக் கூடமான பட்டாலையோ கோவில் மண்டபமோ, எழுதுபலகை ஒன்று இருக்க வேண்டும். ஆச்சிமாரும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்தால் நல்லது, பிள்ளைகள் மட்டும் வேண்டாம்.

ஒரே தாளில் இந்த ஆறையும் பெரிய எழுத்தில், பதம் பிரித்து அச்சிட்டுக்கொள்ளுங்கள்: நான்காம் குறள், சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம், திருவெம்பாவையின் பன்னிரண்டாம் பாடல், கம்பராமாயணத்தின் கடவுள் வாழ்த்து, சிவஞான சித்தியார் சுபக்கத்தின் முதல் சூத்திரத்தில் "சொன்னஇத் தொழில்கள்" எனத் தொடங்கும் பாடல், உண்மை விளக்கத்தில் "தோற்றம் துடியதனில்" எனத் தொடங்கும் பாடல். பதம் பிரிக்காமல் கொடுத்தால் முதல் பத்து நிமிடமும் வாசிப்பதிலேயே போகும்.

முதல் கால் மணி: கேள்வியை உடைப்பது

நூலைத் திறக்காதீர்கள். பலகையில் மூன்று வரி எழுதுங்கள்.

சாமி ஏன் இருக்கிறார்?
சாமி ஏன் உலகத்தைப் படைத்துக் காத்து அழிக்கிறார்?
சாமி இருப்பதால் எனக்கு என்ன?

"சாமிக்கு என்ன நோக்கம்" என்று கேட்கிறவர் இந்த மூன்றில் ஒன்றைத்தான் மனதில் வைத்திருப்பார். எது என்று அவரையே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். இந்த விசாரணையில் நேரும் குழப்பத்தில் பெரும்பகுதி, முதல் வரிக்கு இரண்டாம் வரியின் விடையைச் சொல்வதால் வருவது. முதலாவது இருப்பைப் பற்றியது. இரண்டாவது செயலைப் பற்றியது. செயலுக்கு நோக்கம் உண்டு என்பதனால் இருப்புக்கும் நோக்கம் உண்டு என்று ஆகாது.

பிறகு வகுப்பு முழுவதற்கும் ஒரே ஒரு கருவியைக் கையில் கொடுங்கள். யார் 'நோக்கம்' என்ற சொல்லைச் சொன்னாலும் மற்றவர் "யாருக்கு?" என்று கேட்க வேண்டும். நோக்கம் என்றால் அதைக் கொண்டிருப்பவர் ஒருவர், அதனால் பயன் பெறுபவர் ஒருவர். இரண்டு பேரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக வழிக்கு வரும்.

அடுத்த இருபது நிமிடம்: இருப்புக்கு நோக்கம் உண்டா

காலடியில் கிடக்கும் ஆத்தங்குடிக் கல்லைக் காட்டுங்கள். கண்ணாடித் தட்டில் வண்ணச் சாந்தை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தது அது. கல் உருவாகும் முன்பே, தரைக்கு என்ற நோக்கம் செய்கிறவர் மனதில் இருந்தது. ஒரு பொருளின் இருப்புக்கு நோக்கம் இருக்க வேண்டுமானால் மூன்று வேண்டும்: அது இல்லாதிருந்த ஒரு காலம், அதைச் செய்தவர், அதைப் பயன்படுத்தப் போகிறவர்.

இப்போது அந்த மூன்றையும் இறைவனிடம் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அவன் இல்லாதிருந்த காலம் இல்லை, செய்தவரும் இல்லை. அப்படியிருக்க, நோக்கம் எங்கே போய் ஒட்டும்? "சிவன் இருப்பதற்கு நோக்கம் இல்லை" என்றால் வீணாக இருக்கிறார் என்று பொருளாகாது. நோக்கம் என்ற அளவுகோல் செய்யப்பட்ட பொருளுக்கு உரியது, தொடக்கமே இல்லாத அநாதியானதை அதனால் அளக்க முடியாது. அவ்வளவுதான்.

வகுப்பு விழித்துக்கொள்ளும் இடம் இதற்கு அடுத்தது. சைவ சித்தாந்தத்தில் அநாதியானது பதி என்னும் இறைவன் மட்டுமல்ல. பசு என்னும் உயிர், அதைக் கட்டும் தளையாகிய பாசம் ஆகியவையும் அநாதி. ஆகவே உயிரையும் யாரும் படைக்கவில்லை. இறைவன் உயிருக்குக் கொடுப்பது உடம்பு, கருவிகள், உலகம், நுகர்ச்சி: தனு, கரண, புவன, போகம். "என்னை ஏன் படைத்தார்?" என்று கேட்கும் பிள்ளையிடம் "உன்னை யாரும் படைக்கவில்லையப்பா, இந்த உடம்பை ஏன் கொடுத்தார் என்று கேள்" என்று சொல்லிப் பாருங்கள். கேள்வி சரியான தடத்துக்கு வந்துவிடும்.

இங்கே வரும் வழக்கமான பிழை ஒன்று உண்டு. அன்பு மிகுதியால் ஆச்சிமார் சொல்வார்கள்: "நம்மளக் காப்பாத்தத்தான் அவுக இருக்காக." உருக்கமான சொல், ஆனால் இருப்பைச் செயலோடு கட்டிவிடுகிறது. காப்பாற்ற வேண்டிய உயிரே இல்லாமல் எல்லாம் வீடு பெற்றுவிட்டால் அவருக்கு இருக்கக் காரணம் இல்லாமல் போகுமா என்று கூர்மையான பிள்ளை கேட்டுவிடும். விடை சிவஞானபோதத்தின் பதினொன்றாம் சூத்திரத்தில் இருக்கிறது. கண்ணுக்குக் காட்டி உடன் காணும் உயிரைப்போல, வீடுபெற்ற உயிருக்கும் இறைவன் கண்டு காட்டி உடன் நிற்கிறான். வீடு பெற்ற பின்னும் அவன் உதவி ஓய்வதில்லை. ஆனால் உதவுவதற்காக அவன் இருக்கவில்லை, இருக்கிறவன் உதவுகிறான். ஆச்சி சொன்னதைத் தவறு என்று வெட்டாமல், "நம்மளக் காப்பாத்தறது அவுக அருள்" என்று ஒரு சொல் மாற்றித் திருப்பிக் கொடுங்கள்.

முப்பத்தைந்து நிமிடம்: செயலுக்கு நோக்கம்

நீளமான பகுதி, அவசரப்படுத்தக் கூடாது. முதலில் எதிர்க்கட்சியை வலுவாக வையுங்கள். வேதாந்தத்தின் மூல நூலான பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் முதல் பாதத்தில் 32-ஆம் சூத்திரம் இதே ஆட்சேபத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது: நோக்கம் இல்லாமல் அறிவுள்ளவன் செயல்பட மாட்டான்; நோக்கம் உண்டு என்றால் இறைவனுக்குக் குறை உண்டு; ஆகவே படைப்பு அவன் செயல் அன்று. இதைப் பலகையில் எழுதி, யாராவது ஒருவரை இதன் பக்கம் நின்று வாதாடச் சொல்லுங்கள். மூன்று நிமிடமாவது அவர் தாக்குப்பிடிக்க வேண்டும். எதிர்க்கட்சி பலவீனமாக இருந்தால் விடையின் அருமை தெரியாது.

33-ஆம் சூத்திரத்தின் விடை, உலகில் காண்பது போல இது வெறும் லீலை என்பது. அதற்கு உரை எழுதிய சங்கரர் இரண்டு எடுத்துக்காட்டு தருகிறார்: எல்லா விருப்பமும் நிறைவேறிய அரசனின் விளையாட்டு, எந்த நோக்கமும் இல்லாமல் இயல்பாக நடக்கும் மூச்சு. முதலாவதை மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். அரசன் பொழுதுபோகாமல் விளையாடினான் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். பொழுது போகாததும் ஒரு குறைதானே. மூச்சுதான் கருத்துக்குக் கிட்டத்தில் நிற்பது. மாண்டூக்ய காரிகையில் கௌடபாதர் இன்னும் ஒரு படி மேலே போவார்: நுகர்ச்சிக்கு என்பார் சிலர், விளையாட்டுக்கு என்பார் சிலர், இது தேவனின் இயல்பு, எல்லாம் அடைந்தவனுக்கு என்ன ஆசை?

இப்போது தமிழுக்கு வாருங்கள். கம்பன் விழா நடக்கும் ஊர்க்காரர்களுக்கு "அலகிலா விளையாட்டு உடையார்" என்பதை அறிமுகப்படுத்தவே வேண்டாம். 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கியதிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் காதில் விழுந்த பாட்டு. திருவெம்பாவையில் மணிவாசகரும் "காத்தும் படைத்தும் கரந்தும் விளையாடி" என்கிறார். இரண்டையும் சேர்ந்து ஓதச் சொல்லுங்கள். ஓதியபின், அதே திருவெம்பாவைப் பாட்டின் முதல் அடிக்குத் திரும்புங்கள்: "ஆர்த்த பிறவித் துயர்கெட". விளையாட்டைச் சொல்வதற்கு முன்பே, யாருடைய துயர் கெடவேண்டும் என்பதை மணிவாசகர் சொல்லிவிட்டார். "யாருக்கு?" என்ற கேள்வி இங்கே நன்றாக வேலை செய்யும்.

அதற்குப் பின்புதான் சித்தியார். அருணந்தி சிவாசாரியார் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற இந்த ஐந்தொழில் எதற்கு என்று கேட்டுவிட்டு, "முன்னவன் விளையாட்டு என்று மொழிதலும் ஆம்" என்கிறார். அந்த 'உம்'மைக் கவனிக்கச் சொல்லுங்கள். விளையாட்டு என்பதை அவர் மறுக்கவில்லை, அதோடு நிறுத்தவும் இல்லை. உயிர்களுக்குப் புத்தியும் முத்தியும் வழங்குவதற்கும், பாசமாகிய மலங்களைத் துடைப்பதற்கும் என்று மேலே போகிறார். இங்கே 'புத்தி' என்பது அறிவு அன்று, போகம். முன்கூட்டியே சொல்லாவிட்டால் வகுப்பில் பாதிப்பேர் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். சிவஞானபோதம் முதல் சூத்திரம் "மலத்து உளதாம்" என்ற இரண்டே சொல்லில் வைத்ததுதான் இது. ஒடுங்கிய உலகம் மீண்டும் தோன்றுவது உயிர்களின் மலம் காரணமாக.

ஆகவே சித்தாந்தத்தின் விடை: செயலுக்கு நோக்கம் உண்டு, பயன் உயிருக்கு. பிரம்ம சூத்திரத்தில் வந்த ஆட்சேபம், நோக்கம் உள்ளவனே பயன் பெறுபவனும் என்று எடுத்துக்கொண்டதால்தான் கடித்தது. அந்த முடிச்சை அவிழ்த்தால் ஆட்சேபம் விழும். சொல்லப்போனால், 'லீலை' என்று மட்டும் சொல்லி முடிக்கும் வகுப்பைவிட இதுவரை வந்து சேரும் வகுப்பே மேல். துன்பப்படுகிறவன் முன்னால் நின்று 'விளையாட்டு' என்று சொல்வதற்கு நா எழாது. 'மலம் நீங்க' என்று சொல்ல முடியும்.

மூன்று எதிர்க்கேள்விகளுக்குத் தயாராக இருங்கள். பிறருக்காகச் செய்தாலும் செய்பவன் மாற வேண்டுமே என்று ஒன்று வரும். சூரியன் முன்னிலையில் தாமரை மலர்கிறது, சூரியன் விகாரப்படுவதில்லை என்பது நூல்வழி விடை. மலம் எங்கிருந்து வந்தது என்று இன்னொன்று. செம்பில் களிம்புபோல உடன் இருப்பது என்பார்கள். அந்த உவமை, என்றைக்கு ஒட்டியது என்று சொல்ல முடியாத சேர்க்கையைக் காட்ட மட்டுமே. செம்பை யார் வார்த்தார் என்று நீட்டினால் உடனே நிறுத்துங்கள். மூன்றாவது, உயிரின் நன்மைக்கு என்றால் அழிப்பது ஏன் என்பது. சித்தியார் அடுத்த பாட்டிலேயே அழித்தலை இளைப்பாற்றல் என்கிறார். ஆனால் வீட்டில் அண்மையில் துக்கம் நடந்தவர் கேட்டால் இந்த விடையை வகுப்பில் சொல்லாதீர்கள். அன்றைக்கு அந்தப் பகுதியை விட்டுவிட்டு, பிறகு தனியே போய்ப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. குன்றக்குடி ஆதீனம் சித்தாந்த மரபு, காரைக்குடியை ஒட்டிய கோவிலூர் மடம் வேதாந்த மரபு. இரண்டு மரபையும் கேட்டு வளர்ந்தவர்கள் ஒரே வகுப்பில் இருப்பார்கள். இரண்டு விடையையும் பலகையில் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள். சங்கரர் லீலையைச் சொன்ன கையோடு, படைப்பைச் சொல்லும் சுருதி, அதாவது வேதம், முடிந்த உண்மையைச் சொல்வது அன்று என்றும் எழுதியிருக்கிறார். அந்த அடிப்படையில் உலகத்தின் நிலையே வேறு. "எல்லாம் ஒண்ணுதான்" என்று கலந்துவிட்டால் இரண்டும் கெடும்.

கடைசி இருபது நிமிடம்: அப்படியானால் கொழுக்கட்டை எதற்கு

நான்காம் குறளை எடுங்கள். வேண்டுதல் வேண்டாமை இல்லாதவனுக்குக் காவடியும் நிவேதனமும் எதற்கு? நோன்பன்று எடுக்கும் இழையை, அதாவது நூல்திரி ஏற்றிய மாவு உருண்டையை, பிள்ளையார் கேட்டாரா? மறுபடியும் "யாருக்கு?". நிவேதனம் படைக்கிறவருக்கு. 'தான் செய்தேன், தனக்கு' என்ற முனைப்பு கொடுக்கும்போது தளர்கிறது. தளர வேண்டியது அந்த ஆணவம்தான். நேர்ந்துகொண்டு பழனிக்கு நடந்த அண்ணனின் வேண்டுதலை வியாபாரம் என்று இளக்காரமாகப் பேச யாரையும் விடாதீர்கள். கேட்டுப் பெறுவதும் போகம் வழங்கும் அருளுக்குள் அடங்கியதே.

மறுவாரம்: சந்நிதியில்

உங்கள் நகரத்தார் கோவில் நடராசர் சந்நிதிக்கு உண்மை விளக்கப் பாட்டோடு போங்கள். நடை சாத்தும் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உச்சிக்காலம் முடிகிற நேரத்தில் போனால் குருக்களை நெருக்க வேண்டிவரும். ஒவ்வோர் உறுப்பாகக் காட்டுங்கள்: உடுக்கை படைத்தல், அமைத்த கை காத்தல், தீ அழித்தல், ஊன்றிய திருவடி மறைத்தல், தூக்கிய திருவடி அருளல். முயலகன்மேல் ஊன்றிய காலை அழித்தல் என்று கிட்டத்தட்ட எல்லாரும் சொல்வார்கள். திருத்துங்கள். அது திரோதம், மலம் பக்குவப்படும்வரை மறைத்து நுகரச் செய்வது. ஒவ்வோர் உறுப்பிலும் "யாருக்கு?" என்று கேட்டு, ஐந்துக்கும் ஐந்து பேர் விடை சொல்லட்டும். கால் மணி நேரம் போதும்.

அடுத்த வகுப்புக்குச் சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திரத்தை, "அவையே தானேயாய்" எனத் தொடங்குவதை, மனப்பாடம் செய்துவரச் சொல்லி அனுப்புங்கள். உயிர்களுக்காகச் செயல்படுகிறவன் அவற்றோடு எப்படி நிற்கிறான் என்பது அதில் வருகிறது.