கலிஃபோர்னியாவில் ஓட்டும் மைலுக்கு ஏற்ற கார் காப்பீடு: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

கலிஃபோர்னியாவில் கார் வைத்திருக்கும் பலருடைய பாலிசியில், தினமும் அலுவலகம் போய்வந்த நாட்களில் அவர்கள் உத்தேசமாகச் சொன்ன ஆண்டு மைல் கணக்குதான் இன்னமும் இருக்கிறது. வேலை வீட்டிலிருந்தே நடக்கத் தொடங்கி, கார் பெரும்பாலான நாட்கள் நின்ற இடத்திலேயே நின்றாலும், பிரீமியம் பழைய கணக்கின்படியே வந்துகொண்டிருக்கும். அந்தக் கணக்கைச் சான்றோடு திருத்தி, உண்மையில் ஓடிய மைலுக்கு ஏற்ற கட்டணத்தைப் பெறுவது எப்படி என்பதைத் தொடக்கத்திலிருந்து இங்கே பார்ப்போம்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1988 நவம்பரில் மாநில வாக்காளர்கள் நிறைவேற்றிய 103ஆம் முன்மொழிவு, கார் காப்பீட்டுக் கட்டணத்தை முக்கியமாக மூன்று காரணிகளைக் கொண்டே நிர்ணயிக்க வேண்டும் என்று வரிசைப்படுத்தியது: ஓட்டுநரின் பாதுகாப்புப் பதிவு, ஆண்டுக்கு ஓட்டும் மைல், ஓட்டிய அனுபவ ஆண்டுகள். ஆக, மைல் என்பது நிறுவனம் மனம்வைத்துத் தரும் சலுகை அல்ல. கட்டணக் கணக்கில் சட்டப்படி இரண்டாம் இடத்தில் இருக்கும் காரணி. 2009ஆம் ஆண்டு மாநிலக் காப்பீட்டுத் துறை தன் விதிகளைத் திருத்தி, வாடிக்கையாளர் உத்தேசமாகச் சொல்லும் மைலோடு, சரிபார்க்கப்பட்ட மைலையும் அடிப்படையாகக் கொண்டு கட்டணம் விதிக்க நிறுவனங்களை அனுமதித்தது.

யோசனை இதைவிடப் பழையது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1960களிலேயே, அதிகம் ஓடும் காரும் குறைவாக ஓடும் காரும் ஒரே தொகையைக் கட்டுவது பொருந்தாது என்று வாதிட்டு, காப்பீட்டை டயரோடு சேர்த்து விற்றால் ஓட்டத்துக்கு ஏற்ப அது தானாகவே செலவாகிவிடும் என்றார். ஆனால் காப்பீட்டை மிச்சப்படுத்துவதற்காக மொட்டை டயரோடு ஓட்டுபவர்கள் கிளம்பிவிடுவார்கள் என்ற ஆபத்து அதில் இருந்தது. கார் மொத்தம் ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் அதைவிட நம்பகமான சாட்சி.

படி 1: பாலிசியில் இப்போது உள்ள மைலைக் கண்டுபிடியுங்கள்

புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் நிறுவனம் அனுப்பும் டெக்லரேஷன் பக்கத்தில் (பாலிசி விவரங்களின் சுருக்கத் தாள்), காரின் பெயருக்கும் அடையாள எண்ணுக்கும் அருகில் ஆண்டு மைல் குறிக்கப்பட்டிருக்கும். சில நிறுவனங்கள் எண்ணாகவும், சில நிறுவனங்கள் இன்ன எண்ணிலிருந்து இன்ன எண் வரை என்ற வரம்பாகவும் அதைக் காட்டும். அங்கே இல்லையென்றால் ஏஜென்டிடம் கேளுங்கள். வீட்டில் இரண்டு கார்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். அதிகம் ஓடும் காருக்கும் குறைவாக ஓடும் காருக்கும் மைல் இடம் மாறிப் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு.

படி 2: உண்மையில் ஓடும் மைலைக் கணக்கிடுங்கள்

இதுவே முழு வேலையின் மையம் என்பதால், இங்கே அவசரப்படாதீர்கள். இரண்டு ஓடோமீட்டர் எண்களும் அவற்றின் தேதிகளும் தேவை. ஒன்று இன்றைய எண். மற்றொன்று பழைய சர்வீஸ் பில்லில் கிடைக்கும். ஆயில் மாற்றினாலும் டயர் மாற்றினாலும், கார் உள்ளே வந்தபோது இருந்த மைலைப் பட்டறையினர் பில்லின் மேற்பகுதியில் குறிப்பது வழக்கம். புகைச் சோதனை (smog check) அறிக்கையிலும் அந்த எண் இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: மார்ச் 14 தேதியிட்ட பில்லில் 41,260 என்றும், அக்டோபர் 30 அன்று ஓடோமீட்டரில் 46,090 என்றும் இருப்பதாகக் கொள்வோம். இடைப்பட்ட 230 நாட்களில் கார் 4,830 மைல் ஓடியிருக்கிறது. நாளொன்றுக்கு 21 மைல்; அதை 365ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 7,665 மைல். பாலிசியில் 12,000 என்று இருந்தால், ஓடாத நாலாயிரத்துச் சொச்சம் மைலுக்கும் சேர்த்தே கட்டணம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இந்தக் கணக்கில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. முதலாவது, எடுத்துக்கொண்ட இடைவெளி ஆண்டு முழுவதையும் பிரதிபலிக்க வேண்டும். சான் ஹோசேயிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்வந்தாலே ஏறத்தாழ 680 மைல் ஆகிவிடும் என்பதால், மேலே உள்ள கணக்கில் வராத டிசம்பர் விடுமுறையில் அப்படியொரு பயணம் வழக்கமாக இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். முடிந்தவரை ஓராண்டு இடைவெளியுள்ள இரண்டு எண்களை எடுப்பது நல்லது. இரண்டாவது, மைல் வரம்புகளை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் வகுத்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் வரம்பு 7,500இல் முடிந்தால் 7,665 அடுத்த வரம்பில் விழும். 8,000 வரை செல்லும் நிறுவனத்தில் விழாது. இதற்காக எண்ணைக் குறைத்துச் சொல்வது தவறு. ஆனால் நிறுவனங்களை ஒப்பிடும்போது வரம்பு எங்கே முடிகிறது என்று கேட்பதில் தவறே இல்லை.

படி 3: எந்த வகைத் திட்டம் என்று முடிவு செய்யுங்கள்

ஒரு வகை, வழக்கமான பாலிசியே; சரிபார்க்கப்பட்ட மைலுக்கு ஏற்ற வரம்பில் காரை வைத்து, பாலிசிக் காலம் முழுவதற்கும் கட்டணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். மற்றொரு வகையில் மாதத்துக்கு ஓர் அடிப்படைத் தொகையும், ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் சில சென்ட்டுகளும் கட்ட வேண்டும். அடிப்படைத் தொகை எதற்கு என்றால், நின்றுகொண்டிருக்கும் காரும் திருடுபோகலாம், தீப்பிடிக்கலாம், அதன்மேல் மரம் விழலாம். மோதலும் பிறருக்கு ஏற்படும் இழப்புமே ஓடும் தூரத்தோடு நெருங்கிய தொடர்புள்ளவை.

கணக்குக்காக அடிப்படை 50 டாலர், மைலுக்கு 6 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 400 மைல் ஓட்டினால் 74 டாலர். 1,200 மைல் ஓட்டினால் 122 டாலர். இதே காருக்கு வழக்கமான பாலிசி மாதம் 100 டாலர் என்றால், ஏறத்தாழ 833 மைலில் இரண்டும் சமமாகின்றன. ஆண்டுக்கு அது 10,000 மைல். உங்களுக்குக் கிடைக்கும் மூன்று எண்களை இதே இடத்தில் போட்டுப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். எப்போதாவது மட்டும் நெடும்பயணம் செல்பவர்கள், ஒரு நாளில் கணக்கிடப்படும் மைலுக்கு உச்சவரம்பு உண்டா என்றும் கேட்க வேண்டும். 250 மைலுக்கு மேல் அன்றைக்குக் கட்டணம் எடுக்காத நிறுவனங்களும் உண்டு.

படி 4: சரிபார்க்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள்

ஓடோமீட்டரைப் படமெடுத்து அனுப்புதல், பட்டறை அல்லது புகைச் சோதனை நிலையத்தின் பதிவு, காரில் பொருத்தும் கருவி என்று வழிகள் பல. புகைச் சோதனைப் பதிவு சிரமமில்லாதது என்றாலும், மின்கார்களுக்கும் முதல் எட்டு ஆண்டுகளுக்குள் இருக்கும் பெரும்பாலான புதிய பெட்ரோல் கார்களுக்கும் அந்தச் சோதனையே இல்லை. கருவி, ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கணினித் தகவலைப் படிப்பதற்காக உள்ள ஓபிடி (OBD) சொருகுவாயில் பொருந்துவது. 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கப்பட்ட பெட்ரோல் கார்களில் இது கட்டாயம்.

கருவி என்றதும் நம்மைப் பின்தொடர்வார்களோ என்ற அச்சம் எழுவது இயல்பு. மைலைச் சரிபார்க்கும் கருவியைக் கொண்டு கார் இருக்கும் இடத்தைத் திரட்டக் கூடாது என்பதே கலிஃபோர்னிய விதியின் பொது நிலை. ஆனாலும் சாலையோர உதவி போன்ற கூடுதல் சேவைகளுக்கு நாமே சம்மதம் கொடுத்துவிடக் கூடும். கையெழுத்திடும் முன் சம்மதம் பற்றிய பத்தியைப் படியுங்கள். கருவி, படம் இரண்டு வழிகளும் கிடைக்குமானால் நான் படம் அனுப்பும் வழியையே பரிந்துரைப்பேன். மைலுக்குத் தேவையான தகவல் அவ்வளவுதான்.

படி 5: படத்தைச் சரியாக எடுங்கள்

சாவியை இயக்க நிலையில் வைத்து, திரையில் ஓடிஓ (ODO) என்ற எழுத்துகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். டிரிப் ஏ அல்லது டிரிப் பி என்று இருந்தால், அது நாம் சுழியாக்கக்கூடிய பயண மானி. பெரும்பாலும் தசமப் புள்ளியோடு ஓர் இலக்கம் இருப்பதே அதன் அடையாளம். அருகிலுள்ள பொத்தானை அழுத்தினால் ஓடோமீட்டருக்கு மாறும். அலகு மைலில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் சில கார்களில் கிலோமீட்டருக்கு மாற்றும் வசதி உண்டு. கண்ணாடியில் வெயில் பட்டு முதல் இலக்கம் மறைந்துவிடாமல், ஃபிளாஷ் இல்லாமல், நிழலில் எடுங்கள். நிறுவனம் கேட்டால், காரின் அடையாள எண்ணை முன்கண்ணாடியின் ஓட்டுநர் பக்கக் கீழ் மூலையில் வெளியிலிருந்தே படமெடுக்கலாம்.

படி 6: அனுப்புங்கள், பதிலைச் சரிபாருங்கள்

படத்தோடு, இரண்டு எண்கள், தேதிகள், ஆண்டுக் கணக்கு ஆகியவற்றை நாலு வரியில் எழுதி அனுப்பி, திருத்தப்பட்ட டெக்லரேஷன் பக்கத்தைக் கேளுங்கள். போனில் சொல்லிவிட்டு விட்டுவிட வேண்டாம். நிறுவனம் மைல் விவரம் கேட்டு அனுப்பும் படிவத்துக்குப் பதில் அனுப்பாமல் இருப்பதும் செலவு வைக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு நிறுவனம் ஒரு பொது எண்ணை வைத்துக் கணக்கிடலாம், அது உங்கள் ஓட்டத்தைவிட அதிகமாக இருக்கக்கூடும்.

மைலில் மிச்சமான பணத்தைக் காட்டி, பாதுகாப்பு வரம்புகளை, அதாவது விபத்து நேர்ந்தால் நிறுவனம் கொடுக்கும் உச்சத் தொகைகளை, குறைக்கச் சொல்லும் யோசனையும் சிலரிடமிருந்து வரும். இவை இரண்டும் வெவ்வேறு விஷயங்கள். 2025 ஜனவரி 1 முதல் இந்த மாநிலத்தின் குறைந்தபட்ச வரம்பு, ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் 30,000 டாலர், ஒரு விபத்துக்கு 60,000, பொருட்சேதத்துக்கு 15,000 என்று உயர்ந்திருக்கிறது. இன்றைய ஒரு புதிய காரின் விலைக்கு முன்னால் அந்தக் கடைசி எண் மிகச் சிறியது.

படி 7: ஒவ்வொரு புதுப்பித்தலுக்கு முன்பும்

புதுப்பிக்கும் தாள் வரும் வாரத்தில் ஓடோமீட்டரை ஒருமுறை படமெடுத்து, சர்வீஸ் பில்களோடு ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் பில் வாங்கும்போது மைலை அங்கேயே படித்துப் பாருங்கள். ஓர் இலக்கம் தவறாகப் பதிவானால், பின்னாளில் காரை விற்கும்போதும் அது கேள்வியாக எழும். அலுவலகம் மீண்டும் அழைத்து ஓட்டம் கூடினால், அதையும் உடனே தெரிவிக்க வேண்டும். சான்றுகளோடு கேட்டும் நிறுவனம் கணக்கைத் திருத்த மறுத்தால், மறுப்பை எழுத்தில் பெற்று, அதே கோப்பை இணைத்து, கலிஃபோர்னியக் காப்பீட்டுத் துறையின் நுகர்வோர் பிரிவில் கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம்.